சூறாவளிக் காலத்திற்கு எமது இரு வீடுகளும் ஆயத்தமா?



2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் கடைசி வாரத்தில் 'டித்வா' சூறாவளி இலங்கைத் தீவைத் தாக்கியது. 600 இற்கும் மேற்பட்ட உயிர்களை அது காவுகொண்டது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகள் குடியிருப்புகளை மூடின. கிழக்கிலும் வடக்கிலும் வெள்ளம் ஊர்களைத் துண்டித்தது. மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் அறுந்துபோன அந்த நாட்களில், இல்ஃபோர்ட்டிலும் ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் எத்தனையோ தமிழ் வீடுகளில் எம்மவர்கள் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தியபடி உறக்கமின்றி இருந்தார்கள்.

அதன் பின்னர் நடந்ததை நாம் அறிவோம். ஆலயங்கள், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், நண்பர் குழுக்கள் எனப் பலரும் நிதி சேர்த்தார்கள். உலருணவும் உடையும் அனுப்பப்பட்டன. இந்த ஈகை போற்றுதற்குரியது. எனினும், ஒரு கேள்வியை நாம் எமக்குள் கேட்டாக வேண்டும். சூறாவளிக்குப் பின் இத்துணை விரைவாகச் செயற்படத் தெரிந்த நாம், அதற்கு முந்திய மாதத்தில் என்ன செய்திருந்தோம்?

வங்காள விரிகுடாவின் சூறாவளிகள் சொல்லாமல் வருபவை அல்ல. ஆண்டுதோறும் ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான காலமே எமது தாயகக் கரைகளுக்கு ஆபத்தான காலம். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22, 23ஆம் நாட்களில் வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு ஒரு தொடருந்தையே கடல் கொண்டுபோனது. மன்னார்க் கரையையும் அது விட்டுவைக்கவில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் 900 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அம்மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களிற் பெரும்பகுதி ஒரே இரவில் வீழ்ந்தது. 2008ஆம் ஆண்டு நவம்பரில் 'நிஷா' வந்தபோது, வன்னியில் இடம்பெயர்ந்த மக்கள் தறப்பாள் கொட்டில்களுக்குள் வெள்ளத்தில் நின்றார்கள். இவை அனைத்தும் அந்த மூன்று மாதங்களுக்குள் நிகழ்ந்தவையே. நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்து வைக்கத்தக்க ஓர் ஆபத்தை நாம் ஒவ்வொரு முறையும் எதிர்பாராத விருந்தாளியைப் போல் வரவேற்கிறோம்.

ஆயத்தம் உயிர் காக்கும் என்பதற்குச் சான்று உண்டு

"இயற்கையை யார் தடுக்க முடியும்?" என்று சிலர் கேட்கலாம். காற்றைத் தடுக்க முடியாது. ஆனால் மரணத்தைப் பெருமளவு தடுக்க முடியும். இதற்கு எமது அயலிலேயே சான்று இருக்கிறது. 1999ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் நாள் ஒடிசா மாநிலத்தைத் தாக்கிய பெருஞ்சூறாவளியில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். 2013ஆம் ஆண்டு ஒக்ரோபரில் 'பைலின்' என்னும் கடுஞ்சூறாவளி மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்டிய வேகத்தில் அதே மாநிலத்தைத் தாக்கியது. அப்போது இறந்தோர் 50 இற்கும் குறைவானவர்களே. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் ஒடிசா புகலிடங்களைக் கட்டியது; ஊர்தோறும் தொண்டர்களைப் பயிற்றுவித்தது; எச்சரிக்கை கிடைத்ததும் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்களை வீடுகளிலிருந்து வெளியேற்றியது.

வங்காளதேசத்தின் கதையும் இதுவே. 1970ஆம் ஆண்டு நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோரைக் கடல் விழுங்கியது. 2007ஆம் ஆண்டின் 'சித்ர்' சூறாவளியில் இறந்தோர் தொகை சில ஆயிரங்களாகக் குறைந்தது. அதுவும் பேரிழப்பே, ஆயினும் இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு, கடற்கரைக் கிராமங்களில் ஒலிபெருக்கியோடு வீடு வீடாகச் சென்ற தொண்டர்களின் உழைப்பு. வறுமை மிகுந்த மக்களால் இயன்றது, உலகின் செல்வம் மிகுந்த நகரங்களில் வாழும் எம்மால் இயலாதா?

இல்ஃபோர்ட் வீடும் பாதுகாப்பானதன்று

புயல் என்பது தாயகத்தின் துயரம், பிரித்தானியாவில் மழைத்தூறல்தானே என்று நினைப்பவர்கள் எம்மிடையே பலர். 1983 இற்குப் பின் இங்கு வந்து சேர்ந்த முதல் தலைமுறையினர் 1987ஆம் ஆண்டு ஒக்ரோபர் 15, 16ஆம் நாட்களின் பெரும்புயலை மறந்திருக்க மாட்டார்கள். தென்கிழக்கு இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மரங்கள் அன்று வீழ்ந்தன. 2022ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள் 'யூனிஸ்' புயலின்போது இலண்டனுக்கும் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கிறீனிச்சில் உள்ள ஓ2 அரங்கின் கூரைத் துணி கிழிந்து பறந்ததை உலகமே பார்த்தது. 2021ஆம் ஆண்டு நவம்பரில் 'ஆர்வென்' புயல் வட இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் வீடுகளை இருளில் ஆழ்த்தியது. அவற்றுட் சில ஆயிரம் வீடுகளுக்கு ஒரு வாரத்திற்கு மேலாகியும் மின்சாரம் திரும்பவில்லை.

எமது பகுதிக்கே வருவோம். இல்ஃபோர்ட் என்ற பெயரே ஆற்றைக் கடக்கும் துறையைக் குறிப்பது. ரோடிங் ஆற்றின் பழைய பெயரிலிருந்து பிறந்த பெயர் அது. அந்த ஆற்றோடு, செவன் கிங்ஸ் ஓடை, வலன்ரைன்ஸ் பூங்கா வழியாக வரும் கிரான் ஓடை ஆகியனவும் எமது தெருக்களுக்கு அருகிலும் சில இடங்களில் அடியிலும் ஓடுகின்றன. 2000ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ரோடிங் கரை மீறி வுட்ஃபோர்ட் பகுதியில் வீடுகளுக்குள் புகுந்தது. 2021ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் சில மணி நேர மழையிலேயே கிழக்கு இலண்டனின் வீதிகள் ஆறுகளாயின. விப்ஸ் குறொஸ் மருத்துவமனையில் மின்சாரம் தடைப்பட்டு நோயாளர்கள் இடம் மாற்றப்பட்டார்கள். அது எம்மில் பலரின் பிள்ளைகள் பிறந்த மருத்துவமனை.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எமது தெருக்களில் வீட்டு முற்றத்துப் புல்தரைகள் ஒவ்வொன்றாக மறைந்து, மகிழுந்து நிறுத்தச் சீமெந்துத் தளங்களாக மாறி வருகின்றன. இதில் எமது சமூகமும் முன்னணியில் நிற்கிறது. நிலம் உறிஞ்ச வேண்டிய மழைநீர் இதனால் நேரே தெருவுக்கு ஓடி, வடிகாலை நிறைத்து, தாழ்ந்த பகுதியில் உள்ள அயலவரின் வரவேற்பறைக்குள் நுழைகிறது. நீர் ஊடுருவாத தளத்தை ஐந்து சதுர மீற்றருக்கு மேல் முன் முற்றத்தில் அமைத்து, நீரை மண்ணுக்குள் வடிய விடாவிட்டால் திட்ட அனுமதி பெற வேண்டும் என்ற விதி 2008ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதல் இங்கிலாந்தில் நடைமுறையில் இருக்கிறது. நீர் வடியும் கற்களும் சரளைத் தளமும் சந்தையில் உண்டு. கிணற்றைத் தெய்வமாக மதித்த குடியினர், மழைநீரை மண்ணுக்குள் விட மறுப்பது எமக்கு அழகன்று.

மறந்துபோன கலை

யாழ் குடாநாட்டில் 1990களில் வாழ்ந்தவர்கள் மின்சாரமின்றி ஆண்டுக் கணக்கில் வாழ்ந்தார்கள். ஜாம் போத்தலில் ஒரு துளி மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றிய விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். மிதிவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கதவோரம் ஒரு பை இருந்தது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பாடசாலைச் சான்றிதழ், மாற்றுடை, சிறிது பணம் ஆகியவை அதற்குள் இருந்தன. ஓட வேண்டி வந்தால் யார் பாட்டியைப் பிடிப்பது, யார் தங்கையைத் தூக்குவது என்பது சிறுவர்களுக்கும் தெரிந்திருந்தது. பேரிடர் முகாமைத்துவம் என்று இன்று பல்கலைக்கழகங்கள் கற்பிப்பதை எமது தாய்மார் பட்டறிவால் அறிந்திருந்தார்கள்.

அந்தத் தாய்மாரும் தந்தையரும் இன்று இல்ஃபோர்ட்டில் எம்மோடுதான் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அந்தக் கலையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. "அந்தப் பையைத் திரும்பவும் கட்டவா இங்கு வந்தோம்?" என்பதே அவர்களின் மனக்குமுறல். அது புரிந்துகொள்ளத்தக்கது. அந்தப் பை அவர்களுக்கு வீட்டை இழந்ததன் அடையாளம். ஆனாலும் பெற்றோர்களே, அன்று கட்டிய பை வீட்டை விட்டு ஓடுவதற்கானது. இன்று நாம் கேட்கும் ஆயத்தம், வீட்டிலேயே பாதுகாப்பாகத் தங்கியிருப்பதற்கானது. இரண்டும் ஒன்றல்ல. உங்கள் அறிவு உங்களோடு மறைந்துவிடக் கூடாது.

இளையோர்களே, உங்களிடமும் ஒரு கடமை இருக்கிறது. 2025ஆம் ஆண்டு செப்ரெம்பர் 7ஆம் நாள் அரசின் அவசர எச்சரிக்கைச் சோதனையாக நாடெங்கும் கைத்தொலைபேசிகள் ஒரே நேரத்தில் அலறின. அந்த ஒலி எதற்கானது, உண்மையாகவே ஒரு நாள் அது ஒலித்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் பாட்டனுக்கும் பாட்டிக்கும் தமிழில் விளக்கியவர் எத்தனை பேர்? அரசு ஆங்கிலத்தில் எச்சரிக்கலாம். அதை வீட்டின் மொழிக்கு மாற்றுபவர் நீங்கள்தான்.

இங்குள்ள வீட்டிற்குச் செய்ய வேண்டியவை

பிரித்தானியாவில் புயல்களுக்குப் பெயரிடும் ஆண்டு செப்ரெம்பர் முதலாம் நாள் தொடங்குகிறது. அதற்கு முன் பின்வருவனவற்றை ஒவ்வொரு குடும்பமும் முடித்துவிட வேண்டும்.

1. நீரும் உணவும். ஆளொருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டரை முதல் மூன்று லீற்றர் குடிநீர் தேவை என்று பிரித்தானிய அரசு அறிவுறுத்துகிறது. சமையலுக்கும் கழுவுவதற்கும் சேர்த்தால் பத்து லீற்றர். எமது வீடுகளில் அரிசி மூட்டைக்குக் குறைவில்லை. ஆனால் மின்னடுப்பு மட்டும் உள்ள வீட்டில் மின்சாரம் நின்றால் அரிசியை என்ன செய்வது? சமைக்காமல் உண்ணத்தக்க அவல், பிஸ்கற், தகரத்தில் அடைத்த மீன், பழம் ஆகியவற்றையும் தகரம் திறக்கும் கருவியையும் ஒதுக்கி வையுங்கள். மின்சாரம் நின்றால் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காதீர்கள். மூடியிருந்தால் அது ஏறத்தாழ நான்கு மணி நேரமும், நிறைந்த உறைபெட்டி இரண்டு நாட்களும் குளிரைக் காக்கும்.

2. ஒளியும் வெப்பமும். பற்றரி ரோர்ச், பற்றரி வானொலி, கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் கருவி ஆகியவற்றை எல்லோரும் அறிந்த ஓரிடத்தில் வையுங்கள். மெழுகுதிரியை நம்பாதீர்கள், இருளில் அது வீட்டையே எரிக்கும். சுவாமி விளக்கையும் ஆளில்லாத அறையில் எரிய விடாதீர்கள். கரி அடுப்பையோ தோட்டத்து எரிவாயு அடுப்பையோ ஒருபோதும் வீட்டிற்குள் கொண்டுவராதீர்கள். மணமற்ற காபனோரொட்சைட்டு உறக்கத்திலேயே கொன்றுவிடும்.

3. தொலைபேசி. மின்சாரம் நின்றாலும் பழைய செப்புக் கம்பித் தொலைபேசி இயங்கியது. அந்த வலையமைப்பு 2027ஆம் ஆண்டு ஜனவரி இறுதியோடு நிறுத்தப்படும் என அறிவிக்கப்பட்டிருக்கிறது. இணையவழித் தொலைபேசி மின்சாரத்தோடு சேர்ந்து நின்றுபோகும். தனித்து வாழும் முதியவர் வீட்டில் வேறு வழியில்லை என்றால், அவசர அழைப்புக்காகக் குறைந்தது ஒரு மணி நேரமேனும் தாங்கும் மாற்று ஏற்பாட்டைத் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டுப் பெற உரிமை உண்டு. மின்தடையை அறிவிக்க 105 என்ற இலவச எண்ணைக் குடும்பத்தவர் அனைவரும் மனனம் செய்யட்டும்.

4. முன்னுரிமைப் பதிவு. மின்சார நிறுவனங்கள் முன்னுரிமைச் சேவைப் பட்டியல் ஒன்றைப் பேணுகின்றன. முதியோர், நோயாளர், சிறு குழந்தை உள்ளோர் மட்டுமன்றி, ஆங்கிலம் பேசவோ வாசிக்கவோ இடர்ப்படுவோரும் அதில் இலவசமாகப் பதியலாம். இதை அறியாத தமிழ் முதியோர் எத்தனை பேர்! பிள்ளைகளே, அவர்களின் பெயரைப் பதிவுசெய்து கொடுங்கள். சில நிமிட வேலைதான்.

5. மருந்தும் ஆவணமும். நீரிழிவு எமது சமூகத்தின் வீட்டு நோயாகிவிட்டது. குளிரூட்டி நின்றால் இன்சுலினை எவ்வாறு காப்பது என்று மருந்தாளரிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். கடவுச்சீட்டு, காணி உறுதி, காப்புறுதி ஆகியவற்றை மின்பிரதி எடுத்து, ஒரு பிரதியை வீட்டிற்கு வெளியே பாதுகாப்பாக வையுங்கள். வாடகைக்கு இருப்போரின் உடைமைகளுக்கு வீட்டு உரிமையாளரின் காப்புறுதி உதவாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

மென்பொருள் துறையில் நாம் கடைப்பிடிக்கும் ஒரு விதி உண்டு. ஒத்திகை பார்க்கப்படாத மீட்புத் திட்டம் திட்டமே அன்று. ஆகவே செப்ரெம்பர் மாதத்தின் ஒரு சனிக்கிழமை மாலை, வீட்டின் பிரதான மின்னாளியை இரண்டு மணி நேரம் அணைத்து வையுங்கள். மருத்துவக் கருவி பாவிக்கும் வீடுகள் மட்டும் இதைத் தவிர்க்கட்டும். ரோர்ச் எங்கே, பற்றரி உயிரோடு இருக்கிறதா, எவருடைய எண் யாருக்கு மனப்பாடம் என்பவை அப்போது தெரிந்துவிடும். இருளில் அமர்ந்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில், ஜாம் போத்தல் விளக்கின் கதையைப் பாட்டி சொல்லட்டும்.

அங்குள்ள வீட்டிற்குச் செய்ய வேண்டியவை

தாயகத்தில் எமது பெற்றோர் பலர் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் கட்டிய பெரிய வீடுகளில் தனியே வாழ்கிறார்கள். ஒவ்வொரு செப்ரெம்பரிலும் தொலைபேசியில் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. கூரைக்கு மேல் சாய்ந்திருக்கும் தென்னையும் மாமரக் கிளையும் வெட்டப்பட்டனவா? கூரை மரங்கள் சுவரோடு இரும்புப் பட்டியால் பிணைக்கப்பட்டுள்ளனவா? வீட்டுத் திறப்பு அயலவரிடம் ஒன்று இருக்கிறதா? காற்றின் வேகம் இரு மடங்கானால் அது கூரையிற் செலுத்தும் விசை நான்கு மடங்காகும். இறுக்கிக் கட்டாத தகடும் ஓடும் வீட்டைக் காப்பதற்குப் பதிலாக அயலவரைக் கொல்லும் ஆயுதங்களாகும். இன்னொன்றையும் மறவாமற் சொல்லுங்கள்: கடும் புயலின் நடுவே காற்றுத் திடீரென ஓய்ந்தால் வெளியே வரக் கூடாது. அது சூறாவளியின் கண்ணாக இருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று மீண்டும் அடிக்கும்.

தொடர்புக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். பேரிடர் வேளையில் இலண்டன், ரொறன்ரோ, பாரிஸ், சிட்னி எங்குமிருந்து பத்துப் பேர் ஒரே தாயை அழைத்தால் வலையமைப்பு நெரியும். அவரது பற்றரியும் தீரும். குடும்பத்திற்கு ஒருவரைத் தொடர்பாளராக நியமியுங்கள். அங்கிருந்து ஒரு குறுஞ்செய்தி அவருக்கு; அவரிடமிருந்து ஏனையோருக்கு. குரல் அழைப்பு இணையாத வேளையிலும் குறுஞ்செய்தி சென்றடைவதுண்டு. அங்கே நள்ளிரவாகும்போது இங்கே குளிர்காலத்தில் மாலை ஆறரை மணி. அவர்கள் உறங்கும் வேளையில் நாம் விழித்திருக்கிறோம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையை வாசித்து, அயல்வீட்டாரை எழுப்பி, முதியவரைப் பாதுகாப்பான இடத்திற்கு அழைத்துச் செல்லச் சொல்ல எம்மால் இயலும். இலங்கையின் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117. அது அங்குள்ள ஒவ்வொரு முதியவரின் தொலைபேசியிலும் பதியப்பட்டிருக்க வேண்டும்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

வெள்ளம் வந்தால் மக்கள் ஓடிச் சேருமிடம் ஊர்ப் பாடசாலை. அதே பாடசாலைக்குத்தான் எமது பழைய மாணவர் சங்கங்கள் நிதி அனுப்புகின்றன. நுழைவாயில் வளைவும் மேடையும் திறன்பலகையும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவற்றுக்கு முன், கூரை காற்றைத் தாங்குமா, நானூறு பேர் தங்கினால் மலசலகூடம் போதுமா, வெள்ள மட்டத்திற்கு மேலே நீர்த்தாங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டு விழாவில் சேரும் நிதியில் ஒரு பங்கை ஒக்ரோபருக்கு முன் இவ்வாயத்தத்திற்கு ஒதுக்குங்கள்.

மலையக உறவுகளையும் நாம் நினைக்க வேண்டும். மண்சரிவு அபாயம் மிகுந்த சரிவுகளில் இன்றும் லயன் அறைகளில் வாழும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு, எமக்கிருப்பது போன்ற வலுவான ஊர்ச் சங்கங்கள் இலண்டனில் அரிது. டித்வாவின் கொடுமையைப் பெரிதும் அனுபவித்தவர்களுள் அவர்களும் அடங்குவர். பாதுகாப்பான நிலமும் வீடும் அவர்களின் உரிமை என்ற குரலை, அழிவு நிகழ்ந்த வாரத்தில் மட்டுமன்றி ஆண்டு முழுவதும் எழுப்புவது புலம்பெயர்ந்த தமிழர் அனைவரினதும் கடமை.

வெள்ளம் வருமுன் அணை கட்ட வேண்டும் என்பது எம் முன்னோர் மொழி. வந்தபின் அனுப்பும் பணம் பசியை ஆற்றும். இறந்தவரை அது மீட்டுத் தராது. இவ்வாண்டு, செப்ரெம்பருக்கு முன் இங்குள்ள வீட்டையும், ஒக்ரோபருக்கு முன் அங்குள்ள வீட்டையும் ஆயத்தப்படுத்துவோம். இன்று மாலையே பெற்றோரும் பிள்ளைகளும் ஒரு மேசையில் அமர்ந்து, குடும்பத் தொடர்பாளர் யார் என்பதை முடிவுசெய்யுங்கள். ஏனைய பணிகள் அதன்பின் ஒவ்வொன்றாகத் தொடரட்டும்.